ஐவனமும் குளநெல்லும்: காட்டுநெல்லின் உறுப்பமைதியும் கொல்லிமலை வேளாண் வரலாறும்

நாமக்கல் சமவெளியின் கிழக்கே மதில்போல் உயர்ந்து நிற்பது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலையென்று சங்கப் புலவர் இதனைப் பாடினர். அம்மலையில் விளைந்தனவற்றுள் ஒன்றாகக் கபிலர் குறிப்பது ஐவனம் என்னும் நெல். ஐவனத்திற்கு 'மலைநெல்' எனப் பொருள் காண்பது மரபு. இம்மலைநெல்லைத் தானே முளைத்துத் தானே விளையும் காட்டுநெல் எனக் கொள்வாரும் உளர். இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல.

இவ்வேறுபாடு ஒரு சொல்லின் பொருளைப் பற்றியது மட்டும் அன்று. ஐவனம் காட்டுநெல்லாயின், பழங்கொல்லி மக்கள் காடு தந்ததைப் பொறுக்கி உண்டவர் ஆவர். அஃது உழைத்து விளைத்த நெல்லாயின், அவர் நெல்வேளாண்மை அறிந்த குடியினர் ஆவர். ஆதலின் காட்டுநெல் என்னும் செடியின் உறுப்பமைதியை முதற்கண் அறிந்து, அதன்பின் செய்யுட் சான்றுகளை அதனோடு ஒப்பிட்டு ஐவனத்தின் இயல்பைத் துணிதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நெல் என்னும் சொல்லின் பரப்பு

தமிழில் நெல் என்னும் சொல் ஒரு செடிக்கே உரியதாய் நிற்கவில்லை. வயலில் விளைவது நெல். மலையில் விளையும் ஐவனமும் நெல். மூங்கில் பூத்துக் காய்க்கும் மணியும் நெல். குளத்தில் தானே முளைப்பதும் குளநெல். இவற்றை ஒன்றாக எண்ணுவதனாலேயே மயக்கம் பிறக்கின்றது.

தொல்காப்பியர் மரபியலில் புறத்தே வன்மை உடையனவற்றைப் புல் என்றும், அகத்தே வன்மை உடையனவற்றை மரம் என்றும் பகுத்தார். தோடு, மடல், ஓலை முதலிய உறுப்புப் பெயர்களைப் புல்லுக்கு உரியனவாக வகுத்துக் கூறினார். இப்பகுப்பின்படி நெல்லும் மூங்கிலும் ஓரினத்தன. இரண்டன் தண்டும் கணுவுடையது; கணுக்களின் இடைப்பகுதி உள்ளே துளையுடையது; வன்மை புறத்தே நிற்பது. இக்காலத் தாவரநூலாரும் இவ்விரண்டையும் புற்குடும்பத்துள் அடக்குவர். புற்களுட் பெரும்பாலானவற்றின் பூவில் மகரந்தத் தாள்கள் மூன்றாக இருக்க, நெல்லின் பூவிலும் நம் நாட்டுப் பெருமூங்கிலின் பூவிலும் ஆறு தாள்கள் உள்ளன. மூங்கிலின் மணிக்கு நெல்லென்று பெயரிட்ட முன்னோர் வெறும் உருவ ஒப்புமையால் மட்டும் பெயரிட்டாராயினும், அப்பெயர் இயற்கை உறவோடு முரண்படவில்லை.

எனினும் மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கும். பூத்துக் காய்த்தபின் பட்டுப்போகும். ஆண்டுதோறும் நம்பியிருத்தற்குரிய விளைவு அதனின்று கிடையாது. ஆகவே மூங்கில்நெல்லை ஐவனத்தினின்றும் குளநெல்லினின்றும் வேறாகவே வைத்து எண்ணல் வேண்டும்.

வடமொழியில் நீவாரம் எனப்படுவதே தமிழில் குளநெல் எனப்படுவது. முனிவர் உணவாக அஃது அந்நூல்களில் பேசப்படும். காளிதாசரின் சாகுந்தலத்தில், கிளிகள் வாழும் மரப்பொந்தினின்று அடியில் சிந்திய நீவார மணிகளே அவ்விடம் தவப்பள்ளி என்பதற்கு அடையாளமாகக் காட்டப்படுகின்றன. உழுதொழில் செய்யாத முனிவர்க்கு உழாமல் விளையும் நெல் உணவாயிற்று. எனவே காட்டுநெல் என்னும் பெயர்க்கு முழுதும் உரியது இந்நீவாரமே. ஆங்கிலத்தில் காட்டரிசி என்னும் பொருள்படும் பெயரால் வட அமெரிக்க ஏரிகளில் விளையும் சிசானியா என்னும் வேறொரு புல்லின் அரிசியும் வழங்கப்படும். அஃது ஈண்டு நம் ஆய்வுக்கு உரியதன்று.

2. காட்டுநெல்லின் உறுப்பமைதி

ஒரைசா என்னும் நெற்பேரினத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள. அவற்றுள் பயிராக்கப்பட்டவை இரண்டே. ஒன்று ஆசியாவில் தோன்றி உலகெங்கும் பரவிய ஒரைசா சட்டைவா. மற்றொன்று மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரைசா கிளாபெரிமா. ஏனைய யாவும் காட்டினங்கள். நம் வயல்நெல்லுக்கு நெருங்கிய உறவின இரண்டு: பல்லாண்டு வாழும் ஒரைசா ரூபிபோகன், ஓராண்டே வாழும் ஒரைசா நிவாரா. மூன்றும் 24 குரோமோசோம்கள் உடையன. தம்முள் கலந்து விதை ஈனவும் வல்லன.

ரூபிபோகன் என்னும் பெயர்க்குச் செந்தாடி உடையது என்பது பொருள். மணியின் நுனியில் நீளும் செந்நிற வாலே அப்பெயர்க்குக் காரணம். இச்செடி ஆழ்ந்த நீர்நிலைகளில் வளரும். நீர் உயருந்தோறும் தண்டும் நீண்டு மிதக்கும். நீரில் கிடக்கும் கணுக்களில் வேர்விட்டுப் புதிய தூர் கட்டும். வேரும் தண்டும் அழியாதிருத்தலின் விதையின்றியும் இஃது ஆண்டுபல வாழும். இதன் மகரந்தப்பைகள் நீண்டவை. காற்றில் மகரந்தம் பரப்பிப் பிற செடிகளோடு கலக்கும் இயல்பு மிகுதி.

நிவாரா என்பது ஏரிக்கரை, குட்டை, வாய்க்கால் ஓரம் போன்ற ஆழமற்ற நீர்நிலைகளுக்கு உரியது. மழை பெய்து நீர் தேங்கும்போது முளைத்து, நீர் வற்றுமுன் மணியீன்று, வறண்டபின் பட்டுப்போவது. இதன் மகரந்தப்பைகள் குறுகியவை. தன் பூவிலேயே சூல்கொள்ளும் இயல்பு மிகுதி. வறட்சியைச் செடியாக நின்று தாங்காது விதையாகக் கிடந்து தாங்குவது இதன் வாழ்முறை.

இவ்விரண்டிற்கும் பொதுவாய், வயல்நெல்லினின்று வேறுபடும் உறுப்பியல்புகளை இனிக் காண்போம். தண்டுகள் நிமிர்ந்து நில்லாமல் அடியிலேயே படர்ந்து விரியும். கதிர் செறிவின்றி விரிந்து நிற்கும், மணிகள் குறைவு. ஒவ்வொரு மணியின் நுனியிலும் உறுதியான வால் உண்டு. அவ்வால் பெரும்பாலும் 4 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் உடையது. அதன்மேல் நுண்ணிய முட்கள் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். முற்றிய உமி கருநிறமுடையது; உமியை நீக்கினால் அரிசியின் மேற்றோல் செந்நிறம்.

3. உதிர்தலும் உறங்குதலும்

மேற்கூறியவற்றினும் தலைமையான வேறுபாடு மணியின் அடியில் உள்ளது. மணி காம்போடு பொருந்தும் இடத்தில் மெல்லிய உயிரணுப் படையொன்று அமைந்திருக்கின்றது. காட்டுநெல்லில் இப்படை முழுமையாக உருவாகி, மணி முற்றியவுடன் சிதைந்துவிடும். காற்றசைந்தாலும் பறவை அமர்ந்தாலும் மணி உதிரும். ஒரு கதிரின் மணிகள் யாவும் ஒருங்கே முற்றுவதும் இல்லை. நுனிமணி உதிரும்போது அடிமணி பச்சையாக இருக்கும். உதிர்ந்த மணியை வால் மண்ணிற் பதியச் செய்யும். பதிந்த மணி உடனே முளைக்காது. பல திங்கள் உறங்கும். ஒரே செடியின் மணிகள் வெவ்வேறு ஆண்டுகளில் முளைத்தலும் உண்டு. ஓராண்டு மழை பொய்த்தாலும் குலம் அழியாமைக்கு இயற்கை செய்த காப்பு இது.

செடிக்கு நன்மையான இவ்வியல்புகள் அறுவடை செய்வார்க்குத் தீமையாயின. மணி உதிராத செடிகளின் கதிரையே மனிதர் வீட்டிற்குக் கொண்டுவர முடிந்தது. அவ்விதையையே மறுமுறை விதைத்தனர். இவ்வாறு பல தலைமுறை கழிய உதிராமை நிலைபெற்றது. நம் உழவர் வழக்கில் உள்ள களம், போர், தாளடித்தல், கடாவிடுதல் என்னும் சொற்கள் யாவும் மணி தானே உதிராத நெல்லுக்கே உரியன என்பதை நோக்குக. உதிரும் நெல்லுக்குப் போரும் இல்லை, கடாவும் இல்லை. கூடையைக் கதிரின்கீழ் ஏந்தித் தட்டிக் கொள்வதே வழி.

இம்மாற்றம் மரபணு அளவிலும் அறியப்பட்டுள்ளது. உதிர்தலை ஆளும் தலைமையான மரபணுக்களுள் ஒன்று 2006-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதில் நேர்ந்த ஓர் எழுத்துமாற்றமே உதிர்தலைப் பெரிதும் குறைத்தது. படர்ந்த தண்டு நிமிர்ந்தமைக்குக் காரணமான மரபணு 2008-இலும், கருநிற உமி வெளிறிய வைக்கோல் நிறமானமைக்குக் காரணமான மரபணு 2011-இலும் விளக்கம் பெற்றன. செவ்வரிசி வெள்ளரிசியானமைக்குரிய மாற்றமும் 2006-இலேயே தெரியவந்தது.

தொல்லியலார்க்கும் இவ்வுறுப்பமைதியே அளவுகோல். கரிந்த நெல்லின் அடித்தழும்பு வழவழப்பாக வட்டமாயிருப்பின் அது தானே உதிர்ந்த காட்டுநெல். கிழிந்து முரடாயிருப்பின் அடித்துப் பிரிக்கப்பட்ட பயிர்நெல். சீனத்துத் தியான்லுவோசான் என்னும் இடத்தில், இற்றைக்கு ஏறத்தாழ 6,900 ஆண்டுகளுக்கும் 6,600 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், உதிரா நெல்லின் பங்கு நூற்றுக்கு 27-இலிருந்து 39 ஆக உயர்ந்தது என்று 2009-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. முந்நூறு ஆண்டில் நிகழ்ந்த மாற்றம் இவ்வளவே. காட்டுநெல் பயிர்நெல்லாதல் ஒரு நாளில் நிகழ்ந்த செயலன்று. நெடுங்கால உழைப்பின் பயன்.

தமிழகத்தில் நெல்லின் தொன்மைக்கு அகழாய்வுச் சான்றுகள் உள. பழனியை அடுத்த பொருந்தலில் கா. இராசன் நடத்திய அகழாய்வில் ஒரு சாடியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 490 எனக் காலம் கணிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 எனக் காலம் கணிக்கப்பட்டமை 2021-இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே சங்கச் செய்யுட்கள் தோன்றிய காலத்தில் நெல் தமிழர்க்குப் புதியதன்று.

4. கொல்லிமலைச் சான்று

இனிச் செய்யுளுக்கு வருவோம். குறுந்தொகையின் 100-ஆம் பாட்டு கபிலர் பாடியது. தலைவியின் அழகுக்குக் கொல்லிப் பாவையை உவமையாக்கும் அப்பாட்டில், ஓரியின் கொல்லிமலை பற்றிய வாழ்க்கைச் செய்திகள் மூன்று அடைமொழியாக வருகின்றன. அருவிநீர் பரவும் இடத்தில் ஐவனத்தை விதைத்தனர் என்பது ஒன்று. அதனிடையே முளைத்த மலைமல்லிகையையும் மரலையும் களைந்தெறிந்தனர் என்பது இரண்டு. சிறுகுடி பசித்தபோது யானைக்கோட்டை விற்று உண்டனர் என்பது மூன்று.

விதைத்தலும் களையெடுத்தலும் வேளாண்மையின் இரு கண்கள். காட்டுநெல்லை எவரும் விதைப்பதில்லை; அது தன்னைத் தானே விதைத்துக்கொள்ளும். களை என்னும் கருத்தும் பயிர் என்னும் கருத்து உள்ள இடத்தில்தான் பிறக்கும். தான் விரும்பி விதைத்ததற்கு இடையூறாவதையே மனிதன் களை என்பான். மலைமல்லிகை மணமுள்ளது, மரல் நார் தருவது. பயனுள்ள அவ்விரண்டையும் களைந்தார் எனின் ஐவனத்தை எத்துணைப் பேணினர் என்பது பெறப்படும்.

இச்சான்று தனித்து நிற்பதன்று. குறுந்தொகை 371-ஆம் பாட்டு ஐவனத்தை விதைத்து அருவிநீரால் விளைவிக்கும் மலைநாட்டைக் கூறுகின்றது. புறநானூறு 159-ஆம் பாட்டில், குமணனைப் பாடும் பெருஞ்சித்திரனார், கானவர் எரித்துக் கரிந்த புனத்தை உழுது ஐவனம் விதைத்ததைக் கூறுகின்றார். மூன்று பாட்டுகளிலும் விதைத்தல் என்னும் வினை ஐவனத்தோடு இயைந்தே வருகின்றது. அவற்றுள் ஒன்று எரிபுன வேளாண்மையையும், இரண்டு அருவிநீரைச் சார்ந்த வேளாண்மையையும் காட்டுகின்றன. ஒரு பயிரை இருவகை நிலத்தில் விளைக்கும் அறிவு பழகிய உழவர்க்கே உரியது.

கபிலரின் மற்றொரு பாட்டு இதற்குத் துணையாகின்றது. புறநானூறு 109-ஆம் பாட்டில் பாரியின் பறம்புமலை உழவர் உழாமலே தரும் பயன் நான்கெனக் கூறி, மூங்கில்நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பவற்றை அவர் எண்ணுகின்றார். ஐவனம் அந்நான்கனுள் இல்லை. எண்ணாமை ஒன்றே முடிந்த சான்றாகாது. ஆயினும் ஒரு பாட்டில் உழாது விளையும் நெல்லென மூங்கில்நெல்லை மட்டும் எண்ணியவர், மற்றொரு பாட்டில் ஐவனத்தை விதைத்த நெல்லாகக் கூறுதலின், மலைவாழ்நர் உணவில் பொறுக்கிய நெல்லும் பயிரிட்ட நெல்லும் வேறு வேறென அவர் அறிந்திருந்தார் என்பது தெளிவு.

மதுரைக்காஞ்சியில் ஐவன வெண்ணெல் என்னும் தொடர் வருகின்றது. இதனை ஐவனமாகிய வெண்ணெல் எனக் கொள்ளின், வெண்மை என்னும் அடை நம் முடிவுக்கு வலியூட்டும். காட்டுநெல் கருநிற உமியும் செந்நிற அரிசியும் உடையது என மேலே கண்டோம். உமி வெளிறியதும் அரிசி வெளுத்ததும் மனிதர் கைப்பட்டதன் அடையாளங்கள். ஐவனமும் வெண்ணெல்லும் என உம்மைத்தொகையாகப் பிரிப்பார்க்கு இச்சான்று பயன்படாது. ஆதலின் இதனைத் துணைச்சான்றாக மட்டுமே வைக்கின்றோம்.

5. தடைகளும் விடைகளும்

ஐவனம் என்பதில் வனம் என்னும் ஒலி இருத்தலின் காட்டுக்குரியது எனலாமே எனின், ஒலியொப்புமை ஒன்றே பொருளைத் துணிதற்குப் போதாது. வினைச்சான்று அதனினும் வலிது.

காட்டுநெல்லையே எடுத்து விதைத்திருக்கலாமே எனின், அவ்வாறு விதைத்த மணிகள் உறக்கத்தால் ஒருங்கு முளையா; முளைத்தவையும் ஒருங்கு முற்றா; முற்றியவையும் அரிவாள் படுமுன் உதிரும். களையெடுக்கும் உழைப்பிற்கு ஏற்ற பயன் அதனிற் கிடையாது. இடைவிடாது விதைத்து அறுத்து வந்தனராயின், அது நாளடைவில் காட்டுநெல்லாக நில்லாது பயிர்நெல்லாகவே மாறிவிடும்.

நிவாராவும் ரூபிபோகனும் நீர்தேங்கும் நிலத்தன. மலைச்சரிவில் வளரும் காட்டுநெல் இல்லையோ எனின், உண்டு. ஒரைசா கிரானுலேட்டா என்னும் சிற்றினம் மேற்குத் தொடர்ச்சிமலைக் காட்டு நிழலில் வளர்கின்றது. அதற்கு வாலும் இல்லை. ஆனால் அது குறுகிய செடி. கதிரில் மணிகள் மிகச் சில. மேலும் அது மரநிழலை விரும்புவது. ஐவனமோ எரித்த வெட்டவெளிப் புனத்திலும் அருவிப் பரப்பிலும் விளைந்தது. இடமும் இயல்பும் பொருந்தாமையின் அதனை ஐவனம் எனல் இயலாது.

விதைத்து விளைத்தவர் பின் ஏன் பசித்தனர் எனின், அதுவே அப்பாட்டின் மெய்ம்மை. மலைவிளைவு ஆண்டு முழுதும் போதவில்லை. போதாத காலத்து யானைக்கோட்டை விற்று உணவு கொண்டனர். விற்றார் எனவே கொள்வாரும் இருந்தனர் என்பதும், மலைக்கும் வெளியுலகிற்கும் பண்டமாற்று நிகழ்ந்தது என்பதும் பெறப்படும். கொல்லி மக்கள் தனித்து ஒதுங்கிய காடுறை மாந்தராக அல்லாமல், பயிரும் வேட்டையும் வாணிகமும் ஒருங்கு நடத்தியவராகவே கபிலர் கண்முன் நின்றனர்.

6. குளநெல்லும் சமவெளி ஏரிகளும்

மலையில் காட்டுநெல் இல்லை எனின் அது யாண்டுளது? அதன் பெயரே விடை கூறும். அது குளத்து நெல். நீர் நிறைந்து வற்றும் ஏரியும் குட்டையுமே அதன் இருப்பிடம். சேலம், நாமக்கல் சமவெளி மழைக்காலத்தில் நிறைந்து கோடையில் வறளும் ஏரிகளையே பெரிதும் நம்பிய நாடு. திருமணிமுத்தாறும் சரபங்கா நதியும் அவ்வேரிகள் பலவற்றிற்கு நீரூட்டின. காவிரிக்கரைப் பகுதியிலோ அல்லாள இளைய நாயக்கர் வெட்டியதெனப் போற்றப்படும் இராசவாய்க்கால் வயல்களை வளர்த்தது. நிவாராவின் வாழ்முறைக்கு இத்தகைய ஏரிக்கரைகளினும் ஏற்ற இடம் இல்லை.

1965-ஆம் ஆண்டில் சர்மா, சாத்திரி என்னும் இந்திய அறிஞர் இருவர் இவ்வோராண்டுக் காட்டுநெல்லைத் தனிச் சிற்றினமாக வகுத்து, நீவாரம் என்னும் பழம்பெயரையே அதற்குச் சூட்டினர். பழநூலில் வாழ்ந்த சொல்லொன்று உலகத் தாவரவியலில் நிலைபெற்றது. அச்செடியின் பயன் விரைவில் விளங்கிற்று. 1970-களில் ஆசிய நெல்வயல்களைப் புற்குட்டை நச்சுயிரி நோய் தாக்கியபோது, பிலிப்பைன்சு நாட்டு அனைத்துலக நெல்லாராய்ச்சி நிலையம் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நெல்வகைகளை ஆராய்ந்தது. நோயை எதிர்க்கும் ஆற்றல் உத்தரப்பிரதேசத்தினின்று திரட்டிய நிவாராத் தொகுதி ஒன்றில்தான் கிடைத்தது. 1976-இல் வெளியிடப்பட்ட ஐ.ஆர்.36 உள்ளிட்ட நெல்வகைகள் அவ்வாற்றலைப் பெற்றன. உழவர் களையென ஒதுக்கும் ஒரு குளத்துப்புல் வயல்நெல்லைக் காத்த வரலாறு இது.

இன்று மலைநெல்லும் குளநெல்லும் ஒருசேர நலிகின்றன. கொல்லிமலையில் சாமை, தினை முதலியவற்றின் இடத்தையும் பழைய நெல்வகைகளின் இடத்தையும் மரவள்ளி கவர்ந்துகொண்டது. கீழே சமவெளியில் வளர்ந்த சவ்வரிசித் தொழில் அதற்கு ஊக்கமாயிற்று. சமவெளியில் ஏரிகள் தூர்ந்தும் சீமைக்கருவேல் மண்டியும் சுருங்கின. நெல் மறையுமுன் பெயர் மறைகின்றது. பெயர் மறைந்தபின் நெல்லைத் தேடுவார் இலர்.

முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: மூங்கில்நெல் பொறுக்கி உண்ணப்பட்டது; குளநெல்லாகிய நீவாரமே உண்மைக் காட்டுநெல்; ஐவனம் விதைத்துக் களையெடுத்து விளைத்த மலைப்பயிர். மலைநெல் என்னும் உரை பொருந்தும். காட்டுநெல் என்னும் விளக்கம் பொருந்தாது. அகராதி செய்வாரும் உரை வரைவாரும் இவ்வேறுபாட்டைப் பேணுதல் நன்று.

ஐவனத்தின் இன்றைய வழித்தோன்றல் கொல்லிமலையில் உளதோ என்பது நூலகத்தில் அமர்ந்து துணிதற்குரியதன்று. அம்மலையின் ஓடைக்கரைப் பள்ளங்களில் நெல் இன்றும் விளைகின்றது. ஆய்வு மாணவர் அங்குச் சென்று வேளாண் மக்களிடம் ஒவ்வொரு நெல்லின் பெயரையும் கேட்டறிதல் வேண்டும். பெயரோடு நான்கு வினாக்களையும் சேர்த்துக் கேட்க: மணி தானே உதிருமா? வால் உண்டா? உமியின் நிறம் யாது? விதைப்பது எம்முறையில்? இந்நான்கிற்கும் விடை பெற்ற பெயர்ப்பட்டியல் ஒன்று, சங்கச் செய்யுளின் பயிர்ப்பெயர்களை ஆராய்வார்க்குப் பல உரைகளினும் பயன்படும். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னர் அம்மலையில் களையெடுத்த கைகளின் உழைப்பைக் காட்டின் கொடையென எழுதிவிடாதிருக்க அதுவே தக்க வழி எனக் கருதுகின்றோம்.